விபத்து இழப்பீடும் வைப்புத்தொகையும்

திருவனந்தபுரத்தின் பழவங்காடியில் விடியற்காலையிலேயே தேங்காய் உடையும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். கணபதி கோயிலின் முன் ஒரு தேங்காயை உடைத்து, எடுத்த காரியம் தடையின்றி முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கடைத்தெருவிற்கும் அலுவலகத்திற்கும் நீதிமன்றத்திற்கும் செல்வோர் பலர். கோயிலிலிருந்து சற்று நடந்தால் கிழக்குக் கோட்டைப் பேருந்து நிலையம். சாலைக் கடைத்தெருவிற்குச் சரக்கேற்றி வரும் வண்டிகளும், ஆட்டோக்களும், இரு சக்கர வாகனங்களும், பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்லும் வெளியூர் அடியார்களும் அங்கே ஒரே சாலையைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். 2022ஆம் ஆண்டில் அங்கு நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் பேருந்துகளுக்கு இடையே புகுந்து சாலையைக் கடப்போரை இன்றும் காண்கிறோம்.

இத்தகைய இடத்தில் ஒரு விபத்து நேர்ந்தால், கூடி நிற்போர் கேட்கும் முதல் கேள்வி, 'யார்மேல் தவறு?' என்பது. மருத்துவமனையில் உறவினர் கேட்கும் கேள்வி, 'செலவை யார் கொடுப்பார்?' என்பது. சில வாரங்கள் கழித்து, 'எவ்வளவு கிடைக்கும்? எப்போது கிடைக்கும்?' என்ற கேள்விகள் எழுகின்றன. கிடைத்த பணம் அக்குடும்பத்திடம் எப்படி நிலைக்கும் என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. வங்கியோடு நேரடியாகத் தொடர்புடையது அதுவே. ஆதலின் அதை மனத்தில் வைத்து ஏனைய கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

தவறு யாருடையது, பொறுப்பு யாருடையது?

பழவங்காடிக்கு அருகே, கிழக்குக் கோட்டையில், கேரள அரசுச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகம் அமைந்துள்ளது. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறையாகத் தொடங்கி, 1965இல் தனிக் கழகமாக உருப்பெற்ற நிறுவனம் அது. பேருந்தை ஓட்டுபவர் ஓர் ஊழியர். அவர் கவனக்குறைவால் ஒருவர் காயமுற்றால் இழப்பீடு தரவேண்டியவர் அவரை வேலைக்கு அமர்த்திய உரிமையாளர். பணியாளரின் தவறுக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்னும் இக்கொள்கை தனியாருக்கு மட்டுமன்று, அரசுக்கும் பொருந்தும் என்று 1962ஆம் ஆண்டிலேயே இராஜஸ்தான் அரசின் ஜீப் மோதிய வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

தனியார் வாகனங்களுக்கும் இதுவே விதி. வண்டியை நண்பரிடம் இரவலாகக் கொடுத்தவரும் பொறுப்பிலிருந்து எளிதில் தப்ப முடியாது. மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்தால் அப்பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும். காலாவதியாகியிருந்தால் உரிமையாளரின் வீடும் நிலமும் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டிவரும். சட்டம் கட்டாயமாக்கியுள்ள குறைந்தபட்சக் காப்பீட்டை மட்டும் வைத்திருப்போர் மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். நம் இரு சக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் நம்மோடு வருபவர் நம் தவறால் காயமுற்றால், அந்தக் குறைந்தபட்சக் காப்பீடு அவரைக் காக்காது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மனைவியையும் மகளையும் பின்னால் ஏற்றிச் செல்பவர் இன்றே தம் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது நன்று.

'அவர்மீதும் தவறு உண்டே' என்ற வாதம் எல்லா வழக்குகளிலும் எழும். காயமுற்றவரின் தவறு விபத்திற்குக் காரணமாக இருந்தால், அந்த அளவிற்கு இழப்பீடு குறையும், முற்றிலும் மறுக்கப்படாது. சட்டத்தை மீறிய ஒவ்வொரு செயலும் விபத்திற்குக் காரணமாகிவிடாது என்பதும் தெளிவாகியுள்ளது. ஒரே வண்டியில் மூவர் சென்றார்கள் என்பது அபராதத்திற்குரிய குற்றம். ஆனால் அதனால்தான் விபத்து நேர்ந்தது என்று காட்டப்படாத வரையில், அதை மட்டும் வைத்து இழப்பீட்டைக் குறைக்கக்கூடாது என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம். ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு தானாக வீழ்ந்துவிடாது. இங்கு வேண்டியது ஐயத்திற்கிடமற்ற நிரூபணம் அன்று. எது நடந்திருக்கக்கூடும் என்பதைச் சான்றுகள் கொண்டு எடைபோட்டால் போதும்.

எவ்வளவு கிடைக்கும்?

இக்கேள்விக்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு வழிவகுத்த முக்கியத் தீர்ப்புகளுள் ஒன்று, மேலே சொன்ன கேரளப் போக்குவரத்துக் கழகம் தொடுத்த மேல்முறையீட்டில் 1993இல் உச்ச நீதிமன்றம் அளித்தது. உயிரிழந்தவரின் ஆண்டு வருமானத்தில் குடும்பம் இழந்த பங்கைக் கண்டு, அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் முறையே அறிவுக்கு ஒத்தது என்று அது கூறியது. 2009இல் வயது வாரியான பெருக்கெண் பட்டியல் வந்தது. 2017இல் அரசியல் சாசன அமர்வு எதிர்கால வருமான உயர்வையும் சேர்க்கச் சொன்னது.

ஓர் எடுத்துக்காட்டு. சாலைக் கடைத்தெருவில் சொந்தமாகச் சிறு வணிகம் செய்து மாதம் ரூ.15,000 ஈட்டிய 38 வயதினர் ஒருவர் விபத்தில் மறைந்தார் என்று கொள்வோம். அவரை நம்பி மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ளனர். வயது 40க்குக் கீழ் என்பதால் 40 விழுக்காடு சேர்த்தால் ரூ.21,000. அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ.14,000, ஆண்டுக்கு ரூ.1,68,000. அவ்வயதிற்குரிய பெருக்கெண் 15. ஆகக் குடும்பத்தின் வருமான இழப்பு ரூ.25,20,000. இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்தமை முதலியவற்றுக்கான தொகை தனி.

இக்கணக்கில் அனைத்தும் அந்த ரூ.15,000ஐச் சார்ந்திருக்கிறது. அதை மெய்ப்பிக்கச் சான்று இல்லையெனில் தீர்ப்பாயம் ஒரு தொகையை ஊகித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மை வருமானத்தினும் குறைவு. நாள்தோறும் ரொக்கமாக ஈட்டி ரொக்கமாகவே செலவிடும் வணிகரும் தொழிலாளரும் இதனால் பெரிதும் இழக்கின்றனர். ஈட்டுவதை வாரந்தோறும் கணக்கில் செலுத்தி வருபவரின் வங்கிப் புத்தகம், அவர் பேச முடியாத நாளில் அவருக்காகச் சாட்சி சொல்லும்.

உயிர் பிழைத்துக் காயத்தோடு வாழ்பவருக்கு மற்றொரு கேள்வி எழுகிறது. மருத்துவக் குழு கொடுக்கும் ஊன விழுக்காடு வேறு, வருமானத்தில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. முழங்காலுக்குக் கீழ் காலை இழந்த எழுத்தர் தம் நாற்காலிக்குத் திரும்பிவிடக்கூடும். அதே காலை இழந்த சுமைதூக்கும் தொழிலாளிக்குத் தொழிலே போய்விடுகிறது. சான்றிதழில் இருவருக்கும் ஒரே விழுக்காடு எழுதப்பட்டிருந்தாலும் இழப்பீடு ஒன்றாக இருத்தல் ஆகாது. தாம் செய்துவந்த வேலை எத்தகையது என்பதை மனுவில் விரிவாகச் சொல்வது ஆதலால் இன்றியமையாதது. இல்லத்தரசிக்கு வருமானம் இல்லை என்ற வாதத்தையும் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அவரது உழைப்பிற்கு மதிப்பிட்டே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. ஆயுள் காப்பீட்டுத் தொகை கிடைத்துவிட்டதே என்று கூறி இழப்பீட்டைக் குறைக்கவும் இயலாது. 1998இலேயே அது முடிவாகிவிட்டது.

காலமும் காகிதமும்

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்தல் வேண்டும். இவ்வரம்பு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் அதை நம்பிக் காலம் தாழ்த்துவது அறிவுடைமை ஆகாது. விபத்து நடந்த ஊரில்தான் மனு செய்யவேண்டும் என்பதும் இல்லை. பழவங்காடியில் அடிபட்ட நாகர்கோவில்காரர் தம் ஊரிலேயே மனு செய்யலாம். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் உயிரிழப்புக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000மும் தரும் அரசுத் திட்டம் உள்ளது. 2025 மே மாதம் முதல், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை ரூ.1.5 லட்சம் மதிப்புள்ள கட்டணமில்லாச் சிகிச்சைக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைச் சட்டம் காக்கிறது. ஆகையால் வழக்கு வரும் என்று அஞ்சி ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைக் காயச் சான்று, சிகிச்சைக் குறிப்புகள், மருந்துக் கடைச் சீட்டுகள் ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே ஓர் உறையிலிட்டு வைக்கவேண்டும். மருத்துவமனைப் படுக்கையருகே 'சமாதானமாகப் போய்விடுவோம்' என்று நீட்டப்படும் தாளில் கையெழுத்திடலாகாது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் வகுப்பினர் ஆகியோர்க்கு வருமான வரம்பு பாராமல் சட்டப்பணிகள் ஆணையம் இலவச உதவி அளிக்கிறது.

இதனோடு வங்கிக் கணக்கையும் பாருங்கள். ஆண்டுக்கு ரூ.20 கட்டணத்தில் ரூ.2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் மறைந்தவர் சேர்ந்திருக்கக்கூடும். அவரது ரூபே அட்டையுடனும் விபத்துக் காப்பீடு இணைந்திருக்கலாம். இவற்றைக் கோருவதற்குரிய காலம் குறுகியது. துக்கம் கேட்க வந்தவருள் ஒருவரேனும் கிளைக்குச் சென்று விசாரிப்பது பேருதவி.

கிடைத்த பணம்

1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு பெருக்கெண்ணோடு நிற்கவில்லை. இழப்பீடு பெறும் விவரமறியாத ஏழைகளைச் சுற்றியிருப்போர் சுரண்டிவிடுவதைத் தடுக்க, தொகையை வங்கியில் நீண்டகால வைப்பாக இடுமாறும், சிறார்களின் பங்கு அவர்கள் வயதுக்கு வரும்வரை வைப்பிலேயே இருக்குமாறும், அதன்மேல் வங்கி கடன் தரலாகாது என்றும், வட்டியை மாதந்தோறும் உரியவரிடமே சேர்க்குமாறும் வழிகாட்டியது. இன்று பல வங்கிகளில் உள்ள விபத்து இழப்பீட்டு ஆண்டளிப்பு வைப்புத் திட்டமும் இதே நோக்குடையது. 36 முதல் 120 மாதங்கள் வரை, அசலும் வட்டியும் சேர்ந்து மாதத் தொகையாகச் சேமிப்புக் கணக்கிற்கு வரும்.

இவ்வேற்பாடு எத்தனையோ குழந்தைகளின் படிப்பைக் காத்திருக்கும். எனினும் கிளையின் முகப்பில் அமர்ந்திருப்போர் இதன் மறுபக்கத்தையும் அறிவர். தம் பெயரில் பல லட்சம் இருந்தும், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அதிலிருந்து எடுக்க வழியறியாது, வெளியே அதிக வட்டிக்குக் கடன் வாங்கும் தாயின் நிலை அது. 'நீதிமன்ற உத்தரவு வேண்டும்' என்று கூறி அவரை அனுப்பிவிடுவது விதிப்படி சரியே. ஆனால் அந்த உத்தரவை எவ்வாறு பெறுவது என்று சொல்லாமல் அனுப்புவது சரியாகாது. தீர்ப்பாயங்கள் ஒவ்வொருவரின் நிலையையும் ஆராயாமல் இயந்திரம் போல் வைப்பை வற்புறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றமே 2012இல் கண்டித்துள்ளது.

வைப்பு நீடிக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் பூட்டுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பணத்திற்கு உரியவர் அறிந்திருக்க வேண்டும். தீர்ப்பு நாளிலேயே, எந்தத் தேவைக்கு எவ்வாறு விண்ணப்பிக்கலாம் என்பதை அவரது தாய்மொழியில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். கல்விக்கும் சிகிச்சைக்கும் வரும் விண்ணப்பங்களைத் தீர்ப்பாயங்கள் சில நாட்களுக்குள் முடிக்கலாம். வங்கிக் கிளைகள் கட்டண மதிப்பீட்டையும் இருப்புச் சான்றையும் இணைத்து விண்ணப்பம் தயாரிக்கத் துணைநிற்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்து, தம் பணத்தைத் தாமே ஆளவல்ல கைம்பெண்ணுக்கு அவர் பங்கை முழுமையாகவே கொடுத்துவிடலாம். கணவனை இழந்ததனால் ஒருவர் அறிவை இழந்துவிடுவதில்லை.

இழப்பீடு வழங்கப்பட்டும் பெற்றுக்கொள்ள ஆளின்றித் தீர்ப்பாயங்களில் பெருந்தொகை தேங்கிக் கிடப்பதைக் கண்டு, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்து, மனுவோடு வங்கிக் கணக்கு விவரத்தையும் பெறுமாறு 2025 ஏப்ரலில் பணித்தது. முகவரி மாறியதாலோ, தீர்ப்பு வந்ததையே அறியாததாலோ கைவிடப்பட்ட பணம் அது. உங்கள் குடும்பத்தில் என்றோ ஒரு விபத்து வழக்கு நடந்திருந்தால், அதன் எண்ணைத் தேடி எடுத்துத் தீர்ப்பாயத்தில் ஒருமுறை விசாரியுங்கள். உங்கள் கணக்கிலுள்ள முகவரியையும் கைப்பேசி எண்ணையும் நியமனதாரர் பெயரையும் அடுத்த முறை கிளைக்கு வரும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. கோயில் முன் தேங்காயை உடைத்துவிட்டு வரும் வழியிலேயே முடித்துவிடலாம்.