வாயில் வரை தமிழ், உள்ளே விலங்கு!

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குத் தமிழ் தெரியாது என்று எவரும் குறைகூற வேண்டுவதில்லை. அவற்றுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் சித்திரை, வைகாசித் திங்கள்களில் நாளிதழ்களைப் புரட்டுவார்க்கு அஃது எளிதில் விளங்கும். முழுப்பக்க விளம்பரங்கள், சுவரொட்டிகள், பேருந்தின் பின்புறத் தட்டிகள், தொலைக்காட்சி அறிவிப்புகள் ஆகிய அனைத்தும் தமிழிலேயே பேசுகின்றன. பள்ளிகளைத் தேடிச் சென்று மாணவரை அழைக்கும் கல்லூரி ஆசிரியர்களும் ஆங்குத் தமிழிலேயே உரையாடுகின்றனர். உழவரிடமும் நெசவாளரிடமும் ‘உங்கள் பிள்ளையை எங்களிடம் விடுங்கள், பொறியாளராக்கித் தருகின்றோம்’ என்று உறுதி கூறுவதும் நல்ல தமிழில்தான்!

பிள்ளை சேர்ந்துவிட்ட மறுநாளே அத் தமிழ் எங்கோ ஓடி ஒளிந்து கொள்கின்றது. கட்டணப் பட்டியல் ஆங்கிலம். நெறிமுறைக் கையேடு ஆங்கிலம். தந்தை கையொப்பமிட்ட உறுதிமொழித் தாளும் ஆங்கிலம். தாம் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதே அறியாமல் அத் தாளின் அடியில் தம் பெயரைத் தமிழில் எழுதிவிட்டு ஊர் திரும்பும் பெற்றோர் எத்துணையர்! விளம்பரத்தைத் தமிழில் அச்சிடத் தெரிந்தவர்க்கு உறுதிமொழித் தாளை மட்டும் தமிழில் அச்சிடத் தெரியாமற் போனது எவ்வாறு?

இதன் கரணியத்தை நெடிது ஆராய வேண்டுவதில்லை. சேரும்முன் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவரிடம் இருக்கின்றது. ஆதலின் கல்லூரி அவர் மொழியில் பேசுகின்றது. சேர்ந்தபின் அவ்வுரிமை கல்லூரியின் கைக்குப் போய்விடுகின்றது. ஆதலின் மாணவரே கல்லூரியின் மொழிக்கு வரவேண்டியவர் ஆகின்றார். தன் தேவைக்குத் தமிழ்; மாணவர் தேவைக்கு ஆங்கிலம்! மொழி மாறும் அந்த ஒரு நாளில்தான் விருந்தினராய் அழைக்கப்பட்ட இளைஞர் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் ஆகின்றார்.

இவ்வடிமைச் சீட்டின் முதல் வரி, சான்றிதழ். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், குலச் சான்றிதழ் ஆகியவற்றின் முதற்படிகளைச் சேர்க்கையன்றே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது கல்லூரிகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. வேறு கல்லூரியில் விரும்பிய பாடத்திற்கு இடம் கிடைத்தாலும், குடும்பத்தில் துன்பம் நேர்ந்து படிப்பை விடவேண்டி வந்தாலும், ‘எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தையும் செலுத்தினால்தான் சான்றிதழ்’ என்று கூறும் கல்லூரிகளும் உள. பன்னீராண்டு உழைத்துப் பெற்ற மதிப்பெண் பட்டியல், வட்டிக் கடையில் வைத்த நகையைப் போல் அடகுப் பொருளாகின்றது. நகையையேனும் அதன் உடைமையாளர் தம் விருப்பத்தால் அடகு வைக்கின்றார். சான்றிதழை அடகு வைக்க எம் மாணவர் விரும்பினார்?

இது சட்டத்திற்குப் புறம்பான செயல் என்பதைப் பெற்றோர் பலரும் அறியார். பல்கலைக்கழக நல்கைக்குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கை, சான்றிதழ்களின் முதற்படிகளைச் சரிபார்த்தவுடன் மாணவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும் என்று கூறுகின்றது. சான்றிதழ் விலைபேசும் பொருளன்று. கட்டணப் பாக்கிக்காக அதனைப் பிடித்து வைத்தல் ஆகாது எனச் சென்னை உயர்முறை மன்றமும் பல வழக்குகளில் தீர்ப்பளித்துள்ளது. ஆயினும் வழக்குமன்றம் ஏறும் வலிமை எத்துணை ஏழை மாணவர்க்கு உண்டு?

அடிமைச் சீட்டின் இரண்டாம் வரி, பணம். 1984-ஆம் ஆண்டளவில் தனியார் பொறியியற் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டின் கதவு அகலத் திறந்துவிடப்பட்டது. அன்று தொடங்கிய கல்வி வணிகத்தைக் கட்டுப்படுத்தக் கட்டாய நன்கொடைத் தடைச் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டது. ஆயின், நன்கொடை என்னும் பெயர் மறைந்ததே ஒழியப் பறிப்பு மறையவில்லை. பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், விடுதிக் கட்டணம் என அது பல பெயர் பூண்டு உலவுகின்றது. சேரும்முன் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட தொகை ஒன்று. சேர்ந்தபின் தாளில் வரும் தொகை வேறொன்று. அரசு தரவேண்டிய உதவித்தொகை காலந்தாழ்ந்தாலும் அரசைக் கேளாது மாணவரையே நெருக்கித் தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்தி வைக்கும் கொடுமையும் நிகழ்கின்றது.

விலகும் மாணவர்க்குப் பணத்தைத் திருப்பித் தருவதற்கும் மேற்கூறிய 2018 அறிவிக்கையே கணக்கு வகுத்துள்ளது. சேர்க்கையின் இறுதி நாளுக்குப் 15 நாளோ அதனினும் மிகுதியோ முன்னதாக விலகினால் முழுத்தொகை; அதன்பின் இறுதி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு; இறுதி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80 விழுக்காடு; 30 நாளுக்குள் 50 விழுக்காடு. முழுத்தொகை திருப்பும்போது நடைமுறைச் செலவுக்கெனக் கழிப்பது 5 விழுக்காட்டையோ 5,000 உருபாவையோ தாண்டலாகாது. இக்கணக்கைத் தன் வாயிலில் தமிழில் எழுதி வைத்துள்ள கல்லூரியை விளக்கேற்றித்தான் தேடவேண்டும். தில்லியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உரிமை, மேலூரிலும் செஞ்சியிலும் இருக்கும் தாய்க்கு எவ்வாறு எட்டும்? மொழி தெரியாத உரிமை இல்லாத உரிமையே!

மூன்றாம் வரிதான் மிகக் கொடியது. அது மாணவரின் அறிவையே விலங்கிடுவது. பன்னீராண்டு தமிழில் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் கற்று நல்ல மதிப்பெண் பெற்றவர், கல்லூரியின் முதல் வகுப்பிலேயே ஊமையாக்கப்படுகின்றார். தெரிந்த விடையைச் சொல்ல மொழியின்றி அவர் தலைகுனிந்து நிற்க, அக்குனிவு அறியாமை எனக் கணக்கிடப்படுகின்றது. வளாகத்துள் ஆங்கிலமே பேசவேண்டும் எனக் கட்டளையிடும் கல்லூரிகளும் உள. புரிந்து எழுதவேண்டியவர் புரியாமல் மனப்பாடம் செய்கின்றார், தேறாத பாடங்கள் சேர்கின்றன, தாழ்வுணர்ச்சி வளர்கின்றது, சிலர் படிப்பையே கைவிடுகின்றனர். பள்ளியில் விளங்கிய அறிவு மூன்று திங்களில் மங்கிவிடுமா? மங்கியது அறிவன்று, அதன் வாய் அடைக்கப்பட்டது.

‘ஆங்கிலமின்றி வேலை கிடைக்காது’ என்பார் உளர். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிப்பதை எவரும் தடுக்கவில்லை. பாலம் கட்டும் கணக்கையும் பொறி இயங்கும் முறையையும் தமிழில் விளங்கிக்கொண்டவர், ஆங்கிலத்தையும் தனியே கற்றுத் தேறலாம். இரண்டையும் ஒன்றாய்க் குழப்பியதனால், பொறியியலும் வாராமல் ஆங்கிலமும் வாராமல் நிற்போர் பலராயினர்.

‘தமிழ்வழி தொடங்கினால் மாணவர் சேர்வதில்லை’ என்பார் பிறர். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023-இல், சேர்க்கை குறைந்தது என்று கூறி உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்தி வைப்பதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்த பின்னரே அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நூல்களையும் ஆசிரியரையும் வேலையையும் உறுதிசெய்யாமல் பெயரளவில் ஒரு வகுப்பைத் திறந்துவைத்துவிட்டு, ‘எவரும் வரவில்லை’ என்பது, நீரூற்றாமல் நட்ட கன்றைப் பார்த்து ‘இம்மண்ணில் மரம் வளராது’ என்பதை ஒக்கும். தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இலேயே வந்தது. வேலையில் முன்னுரிமை தந்த அரசு, கல்லூரியில் தமிழ்வழி வகுப்பைப் பரப்பாமல் விட்டால் அம்முன்னுரிமையால் யாது பயன்?

ஆங்கிலவழிப் பாடமாயினும் தேர்வைத் தாய்மொழியில் எழுத விடுக என 2023-இல் தில்லி நல்கைக்குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 1965-இல் மொழிக்காகக் குருதி சிந்திய மண்ணுக்குத் தாய்மொழியில் தேர்வெழுதத் தில்லி சொல்லவேண்டியுள்ளது என்பதினும் வெட்கக்கேடு வேறில்லை. 1976-இல் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குப் பறிகொடுத்தோம் என்று வருந்துவது முறையே. ஆயினும் கைக்குள் எஞ்சியிருக்கும் உரிமையையேனும் பயன்படுத்தாதவர், பறிபோன உரிமையை எவ்வாறு மீட்பர்?

தமிழ்நாட்டரசு உடனே செய்யத்தக்கவை சில உள. சேர்க்கைப் படிவம், கட்டணப் பட்டியல், உறுதிமொழித் தாள் ஆகியன தமிழில் இல்லையேல் செல்லா என ஆணையிட வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிக்கு ஒறுப்புக் கட்டணம் விதித்து, அதனை அம்மாணவர்க்கே வழங்க வேண்டும். விலகுவோர்க்குரிய தொகைக் கணக்கைக் கல்லூரி வாயிலில் தமிழில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். எப்பாடத்தையும் எத்தேர்வையும் தமிழில் எழுதும் உரிமையை அனைத்துக் கல்லூரிகளிலும் நிலைநாட்ட வேண்டும். இவற்றுள் எதற்கும் தில்லியின் இசைவு வேண்டி மன்றாட வேண்டுவதில்லை.

பெற்றோர் செய்யவேண்டுவதும் ஒன்று உண்டு. படிக்கத் தெரியாத தாளில் கையொப்பமிட மறுப்பதே அது. ‘தமிழில் தருக’ என்று ஒருவர் கேட்டால் கல்லூரி நகைக்கும். நூற்றுவர் கேட்டால் அச்சகத்திற்கு ஓடும். பிள்ளைகளை அழைக்க வந்தபோது தமிழ் பேசிய வாய், பிள்ளைகளை ஆளும்போதும் தமிழ் பேசியே தீரவேண்டும். பேசச் செய்வது தமிழ் இளைஞர் கடன்! அதற்கு அணியமாகுக!