போன வழியே திரும்ப வேண்டாம்!



பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலே பஸ்தான் என்று ஆகிவிட்டது. பணம் கட்டியவர்கள் பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். கட்ட முடியாதவர்கள் அன்றைக்கு வீட்டில் இருக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் கதை சொல்ல, மீதிப் பேர் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இது சரியா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. பாதி தூரம் நடை, பாதி தூரம் சைக்கிள். போவது ஒரு வழி, வருவது வேறு வழி. அதாவது ஒரு வட்டம்.

வட்டமாகச் சுற்றி வருவது நமக்குப் புதுசு இல்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார்கள். திருவையாற்றில் சித்திரை மாதம் ஏழூர்த் திருவிழா நடக்கிறது. பல்லக்கோடு ஜனங்களும் நடந்து, ஏழு ஊரைச் சுற்றித் திரும்பவும் திருவையாற்றுக்கே வந்து சேர்கிறார்கள். போன வழியே திரும்பினால் பார்த்ததையே பார்ப்போம். சுற்றி வந்தால் கடைசி அடி வரைக்கும் புதுசுதான்.

நமக்கு அதற்கு ஏற்ற இடம் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். நம்ம ஊரிலிருந்து பழையசீவரம் போய், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு நம்ம ஊர் வழியாகத்தான் அங்கே போகிறார். அந்தக் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே 15 படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரியும், மாணவர்கள் தங்கிப் படிக்கப் பள்ளியும் நடந்ததை அது சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் எல்லோருக்கும் சம்பளம் கூட அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் எங்கெங்கோ போகிறோமே!

சரி, எல்லாரிடமும் சைக்கிள் இல்லையே என்பீர்கள். அரசு சைக்கிள் பிளஸ் ஒன் போனால்தான் கிடைக்கும். ஆனால் 40 பேருக்கு 20 சைக்கிளே போதும். எப்படி என்று கேளுங்கள். 20 பேர் ஆற்றங்கரை ஊர்கள் வழியாக நடந்து போகட்டும். மற்ற 20 பேர் தார் ரோட்டில் சைக்கிளில் போகட்டும். ஒரு வழிக்கு 9 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம். சைக்கிளுக்கு முக்கால் மணி நேரம். நடப்பவர்கள் காலை 6 மணிக்கும், சைக்கிள்காரர்கள் ஏழே காலுக்கும் கிளம்பினால் இரண்டு கூட்டமும் 8 மணிக்குத் திருமுக்கூடலில் சந்திக்கும். கோயில் பார்த்து, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். நடந்து வந்தவர்கள் ரோட்டு வழியாக சைக்கிளில் திரும்புவார்கள். சைக்கிளில் வந்தவர்கள் கரை வழியாக நடந்து திரும்புவார்கள். 40 பேரும் முழு வட்டம் சுற்றி முடித்திருப்பார்கள். செலவு, வீட்டில் கட்டிய புளிசாதம் மட்டுமே. யார் சைக்கிளில் யார் ஏறுவது என்ற வித்தியாசமும் அன்றைக்கு இருக்காது. இதைத்தான் நான் பெரிய லாபம் என்று சொல்வேன்.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?” என்று சில வீடுகளில் கேட்பார்கள். அவர்களுக்குப் புதுக்கோட்டையைக் காட்ட வேண்டும். அங்கே 1991-ல் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். 1992 மகளிர் தினத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்வலமாக சைக்கிளில் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். குவாரியில் கல் உடைத்தவர்களும் வயலில் வேலை செய்தவர்களும் அதில் உண்டு. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

இன்னொரு கேள்வி, லாரி. இது நியாயமான பயம்தான், நான் மறுக்கவில்லை. வண்டலூர்–வாலாஜாபாத் ரோடு அகலமாகிவிட்டது. ஒரகடத்தில் கார் செய்கிறார்கள், புல்லட் செய்கிறார்கள். வண்டி செய்கிற ஊரின் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு சைக்கிளை நிம்மதியாக ஓட்ட இடம் இல்லை என்றால் அந்த ரோடு யாருக்காக? கம்பெனி பஸ்ஸில் போகிற அக்காக்கள் விடிவதற்குள் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். வழியில் இருக்கிற ஊர்களை அவர்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை. நாளைக்கு நாமும் அந்த பஸ்ஸில் ஏறலாம். அதற்கு முன்னாடி நம்ம ஊரை நம்ம காலால் ஒரு தடவை சுற்றிவிட வேண்டாமா?

பயத்துக்கு வீட்டில் உட்காருவது மருந்து இல்லை. முன்னேற்பாடுதான் மருந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாம். ஒருவர் பின் ஒருவராக வரிசையில், முன்னால் ஒரு சார், பின்னால் ஒரு டீச்சர். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். மணல் அள்ளிய பள்ளம் இருக்கும், தடுப்பணைத் தண்ணீரும் நிற்கும். அதனால் ஆற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது, கரையோடுதான் நடக்க வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர் முதலில் போய் வழியைப் பார்த்துவிட்டு வரட்டும். பஞ்சர் ஒட்டத் தெரிந்த அண்ணன் ஒருவர் கூட வரட்டும். வெயில் ஏறாத தை மாதமே நல்லது.

தலைமை ஆசிரியர் அவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தோழிகளே, சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் இந்த வாரமே பழக ஆரம்பியுங்கள். தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒருத்திக்காவது சொல்லிக்கொடுங்கள். தை வருவதற்குள் 40 பேரும் தயாராக இருக்க வேண்டும்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி