ரெயிலைச் செய்வதா, வாங்குவதா?

தச்சுப் பட்டறை, அலுமினிய வேலைத்தலம், பெயர்ப்பலகைக் கடை என்று சிறுதொழில் நடத்தும் எமது சகோதரர்கள் மத்தியில் சி.என்.சி. வெட்டும் இயந்திரம் பற்றிய பேச்சு இப்போது சாதாரணமாகிவிட்டது. கணனியில் வரைந்து கொடுத்தால் மெஷின் தானாக வெட்டித் தருகிறது. அலுமாரிக் கதவில் பூவேலை, கட்டில் தலைப்பலகையில் வளைவு, கடைக்குப் பெயர் எழுத்து என்று நாட்கணக்கில் உளியால் செதுக்கிய வேலைகள் மணிக்கணக்கில் முடிகின்றன. மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்கு ஓடர் போகிறது. இல்லாத பட்டறை பார்த்துக் கொண்டிருக்கிறது.

முழு மெஷினை வாங்க வசதியில்லாதவர்கள் அதைத் தாமே கட்ட முனைகிறார்கள். மோட்டாரையும் கண்ட்ரோல் போர்ட்டையும் யாரும் வீட்டில் செய்ய முடியாது, வாங்கித்தான் ஆகவேண்டும். சட்டத்தை ஒட்டு வேலை தெரிந்த எவரும் செய்யலாம். இடையில் நிற்பதுதான் ரெயில். வெட்டும் தலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடுகின்ற வழி அது. "ரெயிலை நாங்களே செய்தால் எவ்வளவு மிச்சம் நானா?" என்று கேட்டு இளைஞர்கள் என் கடைக்கு வருகிறார்கள்.

நான் இரும்புச் சாமான் வியாபாரி. எங்கிள் அயன், பொக்ஸ் பார், பெயாரிங், போல்ட் நட் எல்லாம் விற்பவன். "வீட்டிலேயே செய்யுங்கள்" என்று சொன்னால் எனக்குத்தான் வியாபாரம். இருந்தாலும் என்ன வெட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் ரெயிலுக்கு ஒரு துண்டு இரும்பும் வாங்காதீர்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன். அதற்கான காரணத்தை இங்கே விளக்குகிறேன்.

டொலர் கற்றுத் தந்த பாடம்

இந்தக் கேள்வி சூடு பிடித்தது 2022க்குப் பிறகுதான். அவ்வாண்டு மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2,000 டொலர் பெறுமதியான மெஷினுக்கு 4 இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருந்தவர், அதே மெஷினுக்கு 7 இலட்சத்துக்கு மேல் தேட வேண்டியதாயிற்று. பணம் இருந்தவருக்கும் வங்கியில் டொலர் கிடைக்கவில்லை. பிற்பாடு ரூபா ஓரளவு தேறினாலும் பழைய 200க்குத் திரும்பவில்லை.

இறக்குமதியை மட்டும் நம்பியிருந்த தொழில் அன்று எப்படி முடங்கியது என்பதை நாமெல்லோரும் கண்டோம். ஆகவே கையில் கிடைப்பதைக் கொண்டு மெஷின் கட்டப் புறப்பட்ட இளைஞனைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. அவன் எங்கே இடறுவான் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நம்மைப் போன்ற வியாபாரிகளின் பொறுப்பு.

ரெயில் என்ன வேலை செய்கிறது?

ரெயிலுக்கு இரண்டே வேலைகள்தான். ஒன்று, தலையை ஒரு திசையில் தடங்கலின்றி ஓட விடுவது. மற்றது, வேறெந்தத் திசையிலும் அசைய விடாமல் பிடித்து வைப்பது. முதலாவதை வீட்டில் சாதிப்பது சுலபம். இரண்டாவதில்தான் சோதனை இருக்கிறது.

1800ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஹென்றி மோட்ஸ்லி தனது லேத் மெஷினில் வெட்டும் உளியைக் கையால் பிடிக்காமல், நேரான இரும்பு வழியில் நகர வைத்தார். அன்று முதல் மெஷினின் தரம் அதன் வழியின் தரமாயிற்று. உருளைக் குண்டுகள் உள்ளே சுழன்று திரும்பும் இன்றைய சதுர ரெயிலை ஜப்பானின் டீ.எச்.கே. நிறுவனம் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. தாய்வானும் சீனாவும் பின்னர் அதே வகையைச் செய்யத் தொடங்கியதால்தான் இன்று சிறு பட்டறைக்காரரும் அதன் விலையை விசாரிக்க முடிகிறது.

வீட்டில் செய்யும் முறை

வீட்டு ரெயிலின் உயிர்நாடி 608 என்ற பெயாரிங். ஸ்கேட்டிங் சில்லுக்குள் இருப்பது இதுதான். உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். உலகம் முழுவதும் பெருந்தொகையாக உற்பத்தியாவதால் விலை குறைவு. எந்தப் பெயாரிங் கடையிலும் கிடைக்கும். மரத்தூள் பறக்கும் பட்டறைக்கு இரும்பு மூடி போட்டதை விட இரு பக்கமும் றப்பர் மூடி போட்டதே நல்லது.

எங்கிள் அயன் அல்லது அலுமினிய எங்கிளின் மூலை மேலே இருக்கும்படி பொருத்தி, அதன் இரு சரிவுகளிலும் பெயாரிங்குகள் ஓடும்படி வண்டியை அமைப்பார்கள். கீழிருந்தும் பெயாரிங் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி தூக்கிவிடும். ஒரு பக்கப் பெயாரிங்குகளை இறுக்கவும் தளர்த்தவும் ஏற்பாடு இருப்பது கட்டாயம். வேலை செய்யச் செய்ய ஆட்டம் வரும், வந்தால் இறுக்க வேண்டும்.

இதில் இரும்பா அலுமினியமா என்று கேட்பார்கள். அலுமினியம் நேராக இருக்கும், துருப்பிடிக்காது. ஆனால் மென்மையானது, உருக்குப் பெயாரிங் ஒரே தடத்தில் ஓடி ஓடி நாளடைவில் பள்ளம் விழுத்தும். சாதாரண எங்கிள் அயன் சூட்டில் உருட்டியது. மேலே செதில் இருக்கும், நீளவாக்கில் வளைவும் இருக்கும். குளிர்நிலையில் இழுத்துச் செய்த பளபளப்பான சட்டம் கிடைத்தால் அதுவே இரண்டையும் விடச் சிறந்தது.

சட்டத்தை ஒட்டி முடித்த கையோடு ரெயிலைப் பொருத்த வேண்டாம். ஒட்டு வேலையின் சூடு சட்டத்தை இழுத்து முறுக்கிவிடும். எல்லா ஒட்டும் முடிந்து நன்றாக ஆறிய பிறகு முதல் ரெயிலைப் பொருத்தி, இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியோடு ஒப்பிட்டு நேராக்குங்கள். பள்ளமான இடத்துக்கு அடியில் குளிர்பான டின் தகட்டை வெட்டி வைக்கலாம்; அதன் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீற்றர். இரண்டாவது ரெயிலைத் தனியாக அளந்து இறுக்க வேண்டாம். வண்டியை ஏற்றி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டே, அது நிற்கும் இடத்தில் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்குங்கள். முதல் ரெயில் வழி காட்ட, இரண்டாவது பின்பற்ற வேண்டும். இரண்டும் வழிகாட்டப் போனால் வண்டி இறுகிவிடும்.

எங்கே கவிழ்கிறது?

அதிகமானோர் ஏமாறுவது உருண்டைக் கம்பியில்தான். பழைய போட்டோக் கொப்பி மெஷின்களிலும் பிரின்டர்களிலும் அருமையான கம்பிகள் உண்டு. அவற்றின் இரு முனைகளையும் மட்டும் தாங்கி, நடுவை அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். 16 மில்லிமீற்றர் உருக்குக் கம்பியை 1 மீற்றர் இடைவெளியில் தாங்கி நடுவில் 10 கிலோ வைத்தால் அது 3 மில்லிமீற்றருக்கு மேல் தொய்யும். இதைக் கண்ணாலேயே காணலாம். இடைவெளியைப் பாதியாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகும். ஆகவே 1 அடி அகல மெஷினுக்குப் பொருந்திய முறை 4 அடி மெஷினுக்குப் பொருந்தாது. நீளம் கூடினால் ரெயிலை அதன் முழு நீளத்துக்கும் அடியிலிருந்து தாங்கியே ஆகவேண்டும்.

அடுத்தது வெட்டும் பொருள். பிளாஸ்மாச் சுடரால் தகடு வெட்டும்போது சுடர்முனை தகட்டைத் தொடுவதில்லை. ரெயில் சுமப்பது தலையின் எடையை மட்டும்தான். அங்கே நன்றாகச் செய்த வீட்டு ரெயில் தாராளமாகப் போதும். தீப்பொறியும் இரும்புத் தூளும் விழாமல் மூடி வைத்தால் சரி. ரெஜிபோம், மெல்லிய ஒட்டுப்பலகை போன்றவற்றுக்கும் போதும். தடித்த மரத்துக்குள் றூட்டர் பிட் இறங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. பிட் தலையைத் தள்ளுகிறது, திசை மாறும்போது மறுபக்கம் இழுக்கிறது. ரெயிலில் ஆட்டம் இருந்தால் விளிம்பு அலை அலையாக வரும், பிட் முறியும். அலுமினியக் கட்டியையும் இரும்பையும் கடைய நினைப்பவர் வீட்டு ரெயில் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

எந்த மெஷினையும் நம்பி ஓடர் எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 600 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை வெட்டி, மூலைக்கு மூலை இரு பக்கமும் அளவுங்கள். இரண்டும் 848.5 அளவில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் உங்கள் மெஷின் சதுரம் வெட்டவில்லை. அது வெட்டும் கதவு எந்த அலுமாரியிலும் சரியாக மூடாது.

கணக்கைப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, ரெயிலைத் தானே செய்தவர் 50,000 ரூபா மிச்சம் பிடித்தார் என்று வைப்போம். மெஷினை இறுக்கவும் சரிபார்க்கவும் அவருக்கு ஒவ்வொரு நாளும் 1 மணித்தியாலம் போகிறது. மாதம் 25 வேலைநாள் என்றால் 25 மணித்தியாலம். மெஷின் ஒரு மணித்தியாலத்தில் 1,000 ரூபா உழைக்கக் கூடியதென்றால் இரண்டே மாதத்தில் அந்த 50,000 ரூபாவும் கரைந்துவிட்டது. பழுதாகிப்போன பலகையையும் தவணை தவறியதால் திரும்பி வராத வாடிக்கையாளரையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மாறாக, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மெஷின் ஓட்டுபவருக்கும், தொழிலைக் கற்கும் மாணவனுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு அந்த 50,000 ரூபா மிச்சமாகவே நிற்கும். கற்ற பாடம் அதற்கு மேலதிக இலாபம்.

ஆகவே எனது யோசனை இதுதான். தகடு வெட்டும் பிளாஸ்மாவுக்கும், கற்பதற்கான சிறு மெஷினுக்கும் ரெயிலைத் தாராளமாக நீங்களே செய்யுங்கள். மரவேலையில் தினமும் சோறு சம்பாதிக்கப் போகும் மெஷினாக இருந்தால் சட்டத்தை நீங்கள் செய்து, ரெயிலை வாங்குங்கள். தனியே முடியாவிட்டால் அருகிலுள்ள இரண்டு மூன்று பட்டறைக்காரர்கள் சேர்ந்து எழுத்தில் உடன்படிக்கை செய்து ஒரு மெஷினாகப் போடுங்கள். ஒருவரோடொருவர் போட்டி போட்டுக் கடன்படுவதை விட அது மேல்.

வாங்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பதப்படுத்திய உருக்கில் அரம் வழுக்கும். மலிவான போலியில் அரம் கடிக்கும். விற்பவரின் அனுமதியோடு கம்பியின் நுனியில் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவும் தெரிந்துவிடும். தேய்க்கவோ உருட்டவோ விடாத கடையில் வாங்க வேண்டாம்.

கடைசியாக, தானே கட்டிய மெஷினைப் பிறருக்கு விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெயில் வீட்டில் செய்ததென்றும், இன்ன தடிப்புக்கு மேல் வெட்டாதென்றும் விலை பேசும் முன்பே சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் கடன் வாங்கிய பணத்தோடு வந்திருக்கலாம். குறையைத் தெரிந்து குறைந்த விலைக்கு வாங்கியவர் நாளை உங்களிடமே பெரிய மெஷினுக்கு வருவார். தெரியாமல் வாங்கியவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார்.