கவரைத் திட்டும் முன்...

2022 டிசம்பர் மாதம், மும்பையில் புரோ கபடி அரையிறுதி. முதன்முறையாக அவ்வளவு தூரம் போன நம்ம தமிழ் தலைவாஸ், புனேரி பல்தானிடம் 39-37 என்று தோற்றது. ரெண்டே பாயிண்ட்! எங்க லைன் வீட்டில் டி.வி. முன்னால் இருந்த அத்தனை பேரும், "கவர் ஆடறவன் சரியில்லப்பா!" என்றார்கள். நானும்தான் கத்தினேன்.

கோபம் நியாயம்தான். கார்னர் காலைப் பிடிக்கும் முன்பே கவர் பாய்ந்தால், உதவிக்கு ஓடிய ரெண்டு பேரும் சேர்ந்து அவுட்! ஆனால் ரைடருக்கு 30 விநாடிதான் வேலை. சும்மா திரும்பினாலும் யாரும் திட்டுவதில்லை. கவர் ஒவ்வொரு ரைடிலும் தப்பாமல் நிற்கணும்.

எங்க அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஆயிரம் பீஸ் சரியாகப் பார்த்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரு ஓட்டை தப்பிவிட்டால் அன்று முழுக்கத் திட்டு! கவரும் செக்கிங் மாதிரிதான். பிடித்தது மறந்துபோகும், விட்டது மட்டும் நிற்கும்.

நம்ம கல்லூரி டீமிலும் எல்லாருக்கும் ரைடர் ஆசைதான். கவருக்கு ஆளைத் தேடவேண்டியிருக்கிறது. இப்படித் திட்டினால் யார் வருவார்கள்? பிடித்ததற்கும் கை தட்டுவோம் நண்பர்களே! விட்டதை அப்புறம் பேசலாம்.