அழிவின் பின் ஆக்கம்

உலகம் ஒருநாள் அழியும் என்ற எண்ணம் மனித இனத்தின் மிகப் பழைய எண்ணங்களுள் ஒன்று. கடல்கோளைப் பற்றியும் ஊழி வெள்ளத்தைப் பற்றியும் கதை சொல்லாத மக்கட் கூட்டத்தினர் அரியர். அக்கதைகளை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அழிவு அவற்றின் தொடக்கமேயன்றி முடிவன்று. வெள்ளம் வடிந்த பின்னர் எஞ்சியோர் யாவர், அவர்கள் எங்ஙனம் மீண்டும் அடுப்பு மூட்டினர், எந்த நெறியை வகுத்துக்கொண்டு வாழத் தலைப்பட்டனர் என்பதே அவற்றின் உயிர்நிலை. முன்னர்ப் புராணமும் பின்னர் நாவலும் சினிமாவும் எடுத்தாண்ட இப்பொருளை இன்று கணினி விளையாட்டு என்னும் புதியதொரு வடிவம் தனதாக்கிக் கொண்டுள்ளது. பேரழிவுக்குப் பின் எஞ்சிய சிலரைக் கொண்டு ஒரு குடியிருப்பை எழுப்பி, அதனைப் பசியினின்றும் நோயினின்றும் காத்து வளர்ப்பதே இவ்வகை விளையாட்டுக்களில் ஆடுவோன் செய்யும் பணி.

இலக்கியப் பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் இருக்கலாம். நாவலும் சினிமாவும் தோன்றிய காலத்தில் அவற்றையும் வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கியோர் உண்டு என்பதை அவர்கட்கு நினைவூட்ட விரும்புகிறோம். நம் மாணவர் பலர் நாவலுடன் கழிக்கும் பொழுதினும் மிகுந்த பொழுதை இன்று கணினித் திரையின் முன் கழிக்கின்றனர். அங்கே அவர்கள் கதை கேட்பதோடு நில்லாமல் கதையின் போக்கையும் தாமே தீர்மானிக்கின்றனர். எத்தகைய மனிதனை அத்திரை அவர்கட்குக் காட்டுகிறது என்று ஆராய்வது விமர்சகனின் கடமையன்றி வேறன்று.

இத்துறையில் பெரிதும் பேசப்படுவது போலந்து நாட்டின் வார்சோ நகரிலுள்ள 'இலெவன் பிட்' நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட 'புரொஸ்ட்பங்க்'. கற்பனையான ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் உறைபனியில் மூழ்குகிறது. இலண்டனை விட்டு வெளியேறிய எண்பது பேர், பனிப்பள்ளம் ஒன்றின் நடுவே நிற்கும் பெரிய நீராவி இயந்திரத்தைச் சுற்றி வட்டமாகக் குடிசை அமைக்கின்றனர். நிலக்கரி உள்ளவரை அனல் உண்டு; அனல் உள்ளவரை உயிர் உண்டு. தலைவனாக இருந்து ஆடுவோன் தொழிலாளரைப் பணிக்கமர்த்துவதோடு சட்டங்களும் இயற்ற வேண்டும். சிறுவரை வேலைக்கு அனுப்புவதா, அவர்கட்குக் காப்பகம் அமைப்பதா? குறைந்த உணவைக் கஞ்சியாகக் கரைத்துப் பலருக்கு ஊற்றுவதா, மரத்தூளைக் கலந்து பெருக்குவதா? இறந்தோரை முறைப்படி அடக்கஞ் செய்வதா, பனிக்குழியில் இட்டு வைப்பதா? ஒருமுறை ஒப்பமிட்ட சட்டத்தை மீளப் பெறுதல் இயலாது. மக்களின் நம்பிக்கையும் அதிருப்தியும் இரு அளவுகோல்களாகத் திரையின் கீழே நிற்கின்றன. நம்பிக்கை அறவே வற்றினாலோ அதிருப்தி கரை மீறினாலோ தலைவன் ஆட்சியை இழப்பான்.

இதன் சிறப்பை மறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. ஆட்சி என்பது தேர்வு என்பதையும், ஒவ்வொரு தேர்வுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதையும் ஆயிரம் பக்க அரசியல் நூலினும் தெளிவாக இவ்விளையாட்டு உணர்த்தி விடுகிறது. இருபத்துநான்கு மணி நேரத் தொடர் வேலைக்கு ஆணையிடுவது ஒரு பொத்தானை அழுத்துவதே. ஆனால் அதனாற் களைத்து உயிர் துறக்கும் தொழிலாளிக்கு ஒரு பெயர் உண்டு, குடும்பமும் உண்டு. கொடுமை என்பது கொடியவர் வீட்டு வாசலில் மட்டும் பிறப்பதன்று. நல்ல நோக்கங் கொண்டவன், அவசரத்தின் பெயரால், சிறிது சிறிதாக அதனிடம் வந்து சேர்கிறான் என்ற பேருண்மை இங்கே அனுபவமாகவே வாய்க்கிறது. காவற் கூடமும் சிறைச்சாலையும் பிரசார நிலையமும் ஒவ்வொன்றாக எழும்போது ஒவ்வொன்றும் தேவை போலவே தோன்றும். இறுதியில் திரும்பிப் பார்ப்பவன் தான் எழுப்பியது நகரமா, முகாமா என்று திகைப்பான்.

இவ்வகையின் மற்றொரு நன்மை சிக்கனத்தின் கல்வி. ஜெர்மனியில் உருவாகி 2021இல் முழுமையாக வெளிவந்த 'எண்ட்சோன்' என்னும் விளையாட்டில் அணுவுலைகள் வெடித்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் நிலத்தடியிலிருந்து வெளிப்படும் மக்கள் நஞ்சேறிய மழைக்கும் வறட்சிக்கும் நடுவே பயிர் செய்கின்றனர். அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கிய, போலந்து நாட்டவரின் 'டிம்பர்போர்ன்' ஒருபடி மேலே சென்று, மனிதர் யாவரும் மறைந்த உலகில் நீர்நாய் போன்ற 'பீவர்' என்னும் விலங்குகள் மரத்தால் அணைகட்டி வாழ்வதைக் காட்டுகிறது. மழைக்காலத்தில் நீரைத் தேக்காதவன் கோடையில் மடிவான் என்பதே அதன் பாடம். குளங்கட்டி வாழ்ந்த நாட்டினராகிய நமக்கு இப்பாடம் புதியதன்று. ஆயினும் குழாயைத் திறந்தால் நீர் வரும் என்று மட்டும் அறிந்த தலைமுறைக்கு அதனைப் புகட்டும் எதுவும் வரவேற்கத் தக்கதே.

இனிக் குறைகளை நோக்குவோம். முதலாவது குறை பார்வைக்கோணம் பற்றியது. இவ்விளையாட்டுக்களில் ஆடுவோன் எப்போதும் வானத்திலிருந்தே குடியிருப்பைப் பார்க்கிறான். அவன் கண்ணுக்கு மனிதர் எறும்புகள். அவன் கைக்கு அவர்கள் உழைப்பு அலகுகள். போலந்தின் பேரெழுத்தாளர் ஸ்டனிஸ்லாவ் லெம் 1965இல் வெளியிட்ட 'சைபீரியாட்' என்னும் தொகுதியில் இதனைத் தொட்டுச் செல்லும் கதையொன்று உண்டு. நாடிழந்த கொடுங்கோலன் ஒருவன் ஆண்டு மகிழ்வதற்கென இயந்திர வல்லுநன் ஒருவன் ஒரு பெட்டிக்குள் சிறியதோர் அரசையே படைத்துக் கொடுக்கிறான். அப்பெட்டியினுள் வாழும் சிற்றுருவங்கள் துன்பத்தை உண்மையாகவே உணர்ந்தால் என் செய்வாய் என்று அவன் நண்பன் கேட்கும் கேள்வியே கதையின் மையம். நகர் அமைக்கும் கணினி விளையாட்டுக்களின் முன்னோடியாக 1989இல் வெளிவந்த 'சிம்சிட்டி'யைப் படைத்த வில் ரைட், தமக்குத் தூண்டுதல் தந்தவற்றுள் இக்கதையையும் குறிப்பிட்டிருக்கிறார். தூண்டுதலைப் பெற்ற துறை, கதையின் பெட்டியை எடுத்துக்கொண்டு அதன் கேள்வியை விட்டுவிட்டது எனலாம்.

இரண்டாவது குறை நுட்பமானது. புரொஸ்ட்பங்க் கொடுமையைக் கட்டாயமாக்கவில்லை என்று அதன் ஆர்வலர் கூறுவர். அஃது உண்மையே. சிறுவரை வேலைக்கு அனுப்பாமலும், எவரையும் சிறையிடாமலும் நகரைக் காத்தல் கூடும். ஆனால் அது யாருக்குக் கூடும்? கடும்புயல் எப்போது வரும், எத்தனை நிலக்கரி வேண்டும் என்பதை முன்னரே ஆடித் தோற்று அறிந்தவனுக்கே அது எளிது. முதன்முறை ஆடுவோன் அஞ்சிக் கொடுமை செய்கிறான். மூன்றாம் முறை ஆடுவோன் கருணை காட்டுகிறான். இங்ஙனம் அறம் என்பது எதிர்காலம் அறிந்தவனின் சலுகையாகி விடுகிறது. வாழ்க்கையில் எந்தத் தலைவனுக்கும் இரண்டாம் ஆட்டம் கிடைப்பதில்லை. நாளை என்ன நேருமென்று அறியாத நிலையிலும் இன்னது செய்யேன் என்று நிற்பதே அறம். முன்கூட்டியே சேமித்தவனுக்குக் கொடுமை தேவைப்படாது என்பது நல்ல பாடமே. எனினும் அது மதியூகத்தின் பாடமேயன்றி ஒழுக்கத்தின் பாடமன்று. கொடுமைக்கு வழியமைத்துக் கொடுத்து, ஆட்டத்தின் முடிவில் இத்தனையும் தகுமா என்று ஆடியவனையே குற்றஞ்சாட்டும் அவ்விளையாட்டின் தீர்ப்பு, அதனாலேயே முழு நியாயம் பெறவில்லை.

மூன்றாவது குறையே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இவ்விளையாட்டுக்கள் மனிதனின் வயிற்றை அறிந்த அளவிற்கு அவன் நினைவை அறியவில்லை. புரொஸ்ட்பங்கின் நகரில் குழந்தைகள் பிறப்பதில்லை. உள்ள சிறுவரும் வளர்வதில்லை. ஒழுங்கு, சமய நம்பிக்கை என இரு வழிகள் தலைவனுக்குத் தரப்படுகின்றன. இரண்டுமே மக்களை அடக்கும் கருவிகளாக முடிகின்றனவேயன்றி, மக்கள் தாமே கூடித் தமக்கொரு வழி காணும் மூன்றாவது பாதை அதில் இல்லை. மேலிருந்து ஒருவன் இழுத்துப் பிடிக்காவிடின் அழிவில் எஞ்சிய மக்கள் சிதறி விடுவர் என்பதே இதன் உட்கிடை.

வரலாறு இதற்கு மாறாகவே சான்று பகர்கிறது. அச்சான்றுகளுள் ஒன்று இவ்விளையாட்டு உருவான வார்சோ நகரமேயாகும். 1944ஆம் ஆண்டு எழுச்சி தோற்கடிக்கப்பட்ட பின்னர், நாசிப் படைகள் எஞ்சிய மக்களை வெளியேற்றி, தெருத் தெருவாக அந்நகரைத் தகர்த்தன. போர் முடிவதற்குள் நகரின் கட்டடங்களில் ஏறத்தாழ 85 வீதம் அழிந்துபோயின. 1945 ஜனவரியில் படைகள் அகன்றதும், கூரையோ குழாய்நீரோ இல்லாத அந்த இடிபாடுகளுக்கு மக்கள் திரும்பி வந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்திலேயே அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலைத் துறையினர் பழைய கட்டடங்களின் வரைபடங்களைத் துறவியர் மடமொன்றில் மறைத்துக் காப்பாற்றியிருந்தனர். அவ்வரைபடங்களைக் கொண்டும், பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெலோட்டோ தீட்டிய நகரக் காட்சிகளைத் துணைகொண்டும் பழைய நகரம் மீண்டும் எழுப்பப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

அம்மீள்நிர்மாணத்தில் அரசின் கட்டளை இல்லாமலில்லை. அன்றைய ஆட்சி நிலங்களைத் தன்வசமாக்கியதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் வெறும் உறையுளே தேவையாயிருந்தால் எங்கேனும் எளிய கொட்டகைகளை அமைத்திருக்கலாமே! குளிரிலும் பசியிலும் இருந்த ஒரு மக்கட் கூட்டம் பழைய வீதிகளின் முகப்புகளை நினைவு கூர்ந்து கல்மேற் கல் வைத்தது ஏன் என்ற கேள்விக்கு நிலக்கரிக் கணக்கு விடை சொல்லாது. நாமும் இதனை வேறொரு வகையில் அறிந்தவர்களே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரைகளை வாரிச் சென்றபோது, ஆணைக்குக் காத்திராமல் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் கதவு திறந்தன. அயலார் அயலாருக்குச் சோறு சமைத்தனர். அந்நாளில் முதலில் செயற்பட்டது ஆட்சியன்று, அயலுறவே.

இவ்வடிவத்திற்கு இவ்வுண்மையைக் காட்டும் ஆற்றல் இல்லையோ என்று ஐயுற வேண்டுவதில்லை. அதே வார்சோ நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' என்னும் விளையாட்டு, முற்றுகையிடப்பட்ட நகரொன்றில் இடிந்த வீட்டில் ஒதுங்கிய சில குடிமக்களின் நிலையிலிருந்து போரைக் காட்டியது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையே அதற்குத் தூண்டுதல். அங்கே ஆடுவோன் மன்னனல்லன், பசித்தவன். முதியோர் இருவரின் வீட்டில் உணவைத் திருடி வந்தவன் தன் துயரிலே துவண்டு கிடப்பதைக் கண்டு ஆடுவோனும் துவள்கிறான். அளவுகோலில் எண்ணாக நின்ற துன்பம் இங்கே முகம் பெறுகிறது. 2020இல் போலந்து அரசு இதனைப் பாடசாலை மாணவர்க்குரிய துணைவாசிப்பிற் சேர்ப்பதாக அறிவித்தது ஆசிரியர் உலகம் கவனிக்கத்தக்க செய்தி.

2024இல் வெளிவந்த 'புரொஸ்ட்பங்க்' இரண்டாம் பகுதியும் ஒரு குறையைத் திருத்த முயன்றுள்ளது. முப்பது ஆண்டுகள் கழிந்த அந்நகரில் தலைவன் தன் விருப்பப்படி சட்டமியற்ற முடியாது. நூறு ஆசனங்கள் கொண்ட அவையில், வெவ்வேறு கொள்கைக் குழுக்களின் வாக்குகளை வேண்டிப் பெறல் வேண்டும். மக்களுக்கு இப்போது குரல் கிடைத்துள்ளது. ஆனால் எண்பது பேர் பல்லாயிரவராகப் பெருகியதில், முன்னர்த் தனியொருவருக்கு இருந்த முகம் மறைந்து அவர்கள் வாக்குத் தொகுதிகளாகி விட்டனர். குரலும் முகமும் ஒருங்கே வாய்க்கும் நாளிலேயே இவ்வடிவம் முதிர்ச்சியடையும்.

இவ்விளையாட்டுக்களைத் தடைசெய்ய வேண்டும் என்று கூக்குரலிடுவதும், புதுமை என்ற ஒரே காரணத்திற்காகத் தலைமேற் கொள்வதும் ஒருங்கே தவறாகும். நாவலை வாசிக்கும் மாணவனிடம் கதாசிரியரின் சமுதாயப் பார்வை யாது என்று கேட்கும் ஆசிரியர், நகரமைக்கும் மாணவனிடமும் அதே கேள்வியைக் கேட்கட்டும். நீ ஒப்பமிட்ட சட்டத்தால் நன்மை பெற்றவர் யார், நலிந்தவர் யார்? அந்த நகரில் நீ தலைவனாக அன்றி நிலக்கரி அள்ளுவோனாக இருந்திருந்தால் அச்சட்டத்தை ஏற்றிருப்பாயா? விளையாட்டு உனக்குக் காட்டாத வழி வேறு ஏதேனும் இருந்ததா? இம்மூன்று கேள்விகளும் வகுப்பறையில் எழுமாயின், பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கியது பயனுள்ள பாடமாக மாறும்.

பேரழிவுகள் கற்பனையில் மட்டும் நிகழ்வன அல்ல. வெள்ளமும் வறட்சியும் போரும் வருங்காலத் தலைமுறையின் வாசலிலும் வந்து நிற்கக்கூடும். அன்று அவர்கள் கையில் சேமித்த தானியம் இருக்க வேண்டும். அதனை இவ்விளையாட்டுக்கள் கற்பிக்கின்றன. அத்தானியத்தை யாரோடு பகிர்வது என்ற அறிவும் நெஞ்சில் இருக்க வேண்டும். அதனைக் கற்பிக்கும் பொறுப்பு இன்றும் ஆசிரியரிடமும் இலக்கியத்திடமுமே உள்ளது.