வசனத்தை நம்பி உடம்பை மறந்தோம்

மயிலாப்பூர் சபாக்களில் சிரிப்பு என்றால் வசனம்தான். சோ, மௌலி, கிரேசி மோகன் என்று ஒரு பெரிய வரிசை நம்மைச் சொல்லால் சிரிக்கவைத்தது. ஒரு சிலேடைக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழும். அந்த மரபு நமக்குப் பெருமை. ஆனால், நகைச்சுவை என்றாலே வசனம்தான் என்று தமிழ்த் திரை முடிவு கட்டிக்கொண்டது பெரிய இழப்பு.

1921-இல் வந்த மௌனப் படம் 'தி கிட்'. குப்பையோரம் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கும் நாடோடி சார்லி சாப்ளின். பையன் கல்லெறிந்து சன்னல்களை உடைப்பான். பின்னாலேயே கண்ணாடி மாட்டுபவனாக நாடோடி வருவான். போலீஸ்காரர் துரத்த, அவன் ஓட, நாம் சிரிக்கிறோம். பிறகு அநாதை விடுதிக்காரர்கள் பையனைப் பிடித்துப் போகிறார்கள். நாடோடி கூரை விட்டுக் கூரை தாவி வருகிறான். அதே கால்கள், அதே ஓட்டம்; இப்போது தொண்டை அடைக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒரே உடம்பின் இரண்டு அசைவுகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த வித்தை நமக்கு அந்நியமல்ல. 'சர்வர் சுந்தர'த்தில் (1964) கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நெளிந்துவந்த நாகேஷின் ஒல்லி உடம்பு, தாயை இழந்து நிற்கையில் நம்மைக் கலங்கடித்தது. 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் அதே நாகேஷ் வெறும் பிணம். ஒரு வார்த்தை கிடையாது, அரங்கம் அதிர்ந்தது.

'மகளிர் மட்டும்' படத்தை இயக்கிய சிங்கீதம் சீனிவாச ராவ், 1987-லேயே கமல் ஹாசனை வைத்து வசனமே இல்லாத 'பேசும் பட'த்தை எடுத்துவிட்டார். மொழிமாற்றத்துக்கு வேலையில்லாத அந்தப் படம் வெவ்வேறு பெயர்களில் நாடெங்கும் ஓடியது. வேலையில்லாத இளைஞன் தன் நாணயத்தைக் காட்டிப் பிச்சைக்காரரைச் சீண்டுகிறான். அவரோ கத்தை நோட்டுகளை எடுத்துக் காட்டுகிறார். சிரிக்கிறோம். பின்னர் அவர் செத்துக்கிடக்கும்போது, அந்தப் பணத்துக்குத்தான் கூட்டம் அடித்துக்கொள்கிறது. உடலைப் பார்க்க ஆளில்லை. சற்று முன் சிரித்த நமக்கே கூசுகிறது. அந்த இடத்தில் யாராவது ஒரு நீதி வசனம் பேசியிருந்தால், பழியைக் கூட்டத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம்.

பார்வையாளர்கள் மாறிவிட்டார்கள் என்று சாக்குச் சொல்ல வேண்டாம். கைபேசி மீம்களில் வடிவேலுவின் முகம் வசனமில்லாமலேயே தினமும் பேசுகிறது. பார்ப்பவர்களுக்கு மௌனம் புரிகிறது. எழுதுபவர்களுக்குத்தான் அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. தி.நகரில் நாகேஷின் பெயர் தாங்கிய திரையரங்கு இன்று இல்லை. அவர் உடம்பால் எழுதிய பாடமும் அதோடு போய்விடக் கூடாது. சென்னையின் சபாக்களும் திரைப்படச் சங்கங்களும் 'தி கிட்'டையும் 'பேசும் பட'த்தையும் சேர்த்துத் திரையிட்டு, இளம் எழுத்தாளர்களை அழைக்கட்டும்.

'பேசும் பட'த்தின் முடிவில், காதலி எழுதித் தந்த முகவரிச் சீட்டு காற்றில் பறந்து சாக்கடையில் விழுகிறது. அவன் ஒன்றும் சொல்வதில்லை. வேலை தேடும் வரிசையில் மறுபடி போய் நிற்கிறான். அந்த நிற்றலை எழுதத் தெரிந்தவரே நகைச்சுவை எழுதத் தெரிந்தவர்.