வலி வந்தால் முதலில் தையல் சட்டத்தை மாற்றுவோம்

ஹைதராபாத் பழைய நகரத்து ஜர்தோசி எம்பிராய்டரிக்காரர்கள் வேலை செய்யும் 'கார்சோப்' என்ற மரச்சட்டம், நம்மூர் ஆரிக் கட்டிலுக்கு அண்ணன். நீளவாட்டில் இரண்டு மரக்கட்டைகள். அவற்றில் பொருத்திய நாடாவோடு துணியின் ஓரத்தைச் சேர்த்துத் தைப்பார்கள். குறுக்கே துளையிட்ட இரண்டு பட்டைகள். துளையில் ஆணியைச் செருகினால் துணி விறைத்து நிற்கும். மேலே வலது கை ஆரி ஊசியை இயக்க, அடியில் இடது கை நூலைக் கொடுக்கும். சட்டத்தைப் பிடிக்க ஒரு கையும் வேண்டாம்.

கைக்கு இத்தனை சலுகை தரும் கார்சோப், முழங்காலையும் இடுப்பையும் வாட்டிவிடும். சம்மணமிட்டு உட்காருபவருக்காக வைத்த உயரம் அது. சட்டத்தைத் திருப்ப முடியாது என்பதால், துணியில் வரைந்த கொடி வளையும் பக்கமெல்லாம் உடம்பும் வளைய வேண்டும். முழங்கால் மடங்காதவர் சட்டம் தாங்கும் கால்களை மேசை உயரத்துக்கு ஏற்றி, நாற்காலியில் உட்காரலாம். எதிர்ப்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைத்தால் கழுத்து அதிகம் குனியாது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சட்டத்தின் அடியில் குறுக்குக் கட்டை இருக்கக் கூடாது.

கையில் பிடித்துத் தைக்கும் எம்பிராய்டரி வளையத்தின் கதை வேறு. இலேசானது, வேண்டிய பக்கம் திருப்பலாம். ஆனால் ஒரு கை அதை ஓயாமல் பற்றியிருக்க வேண்டும். விரல் நுனியில் 1 கிலோ அழுத்திப் பிடித்தால் கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ இறங்குகிறது என்று 1977இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூட்டுவாதம் உள்ளவர் வளையத்தை மேசையிலோ ஸ்டாண்டிலோ பூட்டிவிடுவதே நல்லது. ஆரி ஊசியின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கலாம்.

தெலங்கானா வீடுகளில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் 'பொந்த' போன்ற குவில்ட் வேலைக்கு இன்னொரு கணக்கு. ஆரிக்குத் துணி விறைப்பாக இருக்க வேண்டும். குவில்ட்டில் ஊசியை ஆட்டி ஆட்டிப் பல தையல்களை ஒன்றாகக் கோக்க, துணி கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும். அடுக்குகளுக்குள் சிக்கிய ஊசியை நகத்தால் இழுக்காமல் சிறு ரப்பர் துண்டால் பற்றி இழுத்தால் விரல் தப்பும். ஒரு கை மட்டுமே இயங்குபவர், நிலையாகப் பூட்டிய சட்டத்தில் ஊசியை மேலிருந்து குத்தி, கையை அடியில் கொண்டுபோய் வாங்கி, திருப்பிக் குத்தலாம். வேகம் குறையும், தையலின் நேர்த்தி குறைய வேண்டியதில்லை.

வேகம் குறைந்தால் கூலி குறைகிறதே என்பதுதான் துண்டுக் கணக்கில் வேலை செய்பவரின் கவலை. வலியை மறைத்துக்கொண்டு தைக்க வைப்பது அந்தக் கணக்குதான். அதனால் பொறுப்பு தைப்பவரோடு முடிவதில்லை. ஆரி வகுப்பு நடத்துபவர்கள், சங்கிலித் தையலுக்கு முன் உட்காரும் முறையைச் சொல்லித்தர வேண்டும். பட்டறைக்கு ஒரு நாற்காலி உயரச் சட்டமாவது வேண்டும். ஆர்டர் எடுப்பவர்கள் விலை பேசும்போதே எழுந்து கைகால் நீட்டும் நேரத்தையும் கூலியில் சேர்க்க வேண்டும். குனிய முடியவில்லை என்பதற்காக இருபது வருடப் பழக்கமுள்ள கையை இழப்பதைவிட, சட்டத்தின் கால்களை உயர்த்துவது மலிவு.